பிஞ்சுக் கைகளுக்கு வேலை கொடுத்த அம்மையார்

பழனி மலைத் தொடரின் உச்சியில், சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது கோடைக்கானல். கோடையில் வெப்பம் தாங்காமல் அங்கே போகிறவர்கள் உண்டு. ஏரியில் படகு விடப் போகிறவர்கள் உண்டு. 1942ஆம் ஆண்டில் அங்கே வந்து தங்கிய ஒரு மூதாட்டி, இந்த இரண்டுக்காகவும் வரவில்லை. போர் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

அவருக்கு வயது 71. சொந்த நாடு இத்தாலி. அந்த நாடு அப்போது பிரிட்டனின் எதிரி. இந்தியாவை ஆண்டதோ பிரிட்டன். ஆகவே அவர் விரும்பிய ஊருக்கெல்லாம் போக முடியாது. சர்க்கார் அனுமதித்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்த நிலையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. மலையில் இருந்த குழந்தைகளைச் சேர்த்தார். இலை, பூ, பாசி, மீன், அட்டை, காகிதம் இவற்றைக் கொண்டே அவர்களுக்குப் பாடம் அமைத்தார். உலகம் முழுவதும் பேர் பெற்ற அந்த அம்மையார்தான் டாக்டர் மரியா மாண்டிசோரி.

பிண அறையில் ஒரு பெண்

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ந் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். தாயார் படிப்பில் ஆசை உள்ளவர். பெண் குழந்தையும் நன்றாகப் படிக்க வேண்டும் என்று விரும்பியவர்.

குடும்பம் ரோம் நகரில் குடியேறியது. மரியாவுக்குக் கணக்கில் ஆர்வம் அதிகம். முதலில் என்ஜினீயராக நினைத்தார். பிறகு டாக்டராக வேண்டும் என்று தீர்மானித்தார். அந்தக் காலத்தில் இத்தாலியில் பெண்கள் வைத்தியம் படிப்பது அபூர்வம். தகப்பனாருக்கும் அது பிடிக்கவில்லை.

மரியா பிடிவாதமாகச் சேர்ந்தார். ஆண்களோடு நின்று பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்கு முறையல்ல என்றார்கள். எனவே மாலையில், எல்லோரும் போன பிறகு, பிண அறையில் தனியாக நின்று அவர் படித்தார். 1896இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரொட்டித் துணுக்குகள்

டாக்டரான பிறகு ரோமில் மனநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அறிவு வளர்ச்சி குறைந்தவை என்று சொல்லப்பட்ட குழந்தைகளையும் அப்போது பைத்தியக்கார விடுதியிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை. விளையாட ஒரு பொருள் கிடையாது.

சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். அவர்களைக் கவனித்துக்கொண்ட பெண்ணுக்கு அது அருவருப்பாக இருந்தது. பெருந்தீனிப் பிள்ளைகள் என்று நினைத்தாள்.

மரியா வேறு விதமாக நினைத்தார். அது வயிற்றுப் பசி அல்ல. கைகளின் பசி. தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க அந்த அறையில் வேறு எதுவுமே இல்லை. அதனால்தான் குழந்தைகள் ரொட்டித் துணுக்கைத் தேடினார்கள்.

இந்த ஒரு எண்ணம் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. இத்தார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். கையால் தொட்டுப் பழகும் பொருள்களைக் கொண்டு அந்தக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளைப் போலவே பரீட்சையிலும் தேறினார்கள். ஊர் அதிசயித்தது.

மரியாவுக்கு வேறொரு கவலை வந்தது. குறைபாடு உள்ள குழந்தைகளே இவ்வளவு முன்னேறினால், நல்ல ஆரோக்கியமுள்ள குழந்தைகள் ஏன் இன்னும் மேலே போகவில்லை? அவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஏதோ தவறு இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

பெற்ற மகனைப் பிரிந்தார்

இதே நாட்களில் அவருடைய சொந்த வாழ்வில் ஒரு துயரம் நேர்ந்தது. உடன் வேலை செய்த ஒரு டாக்டரை அவர் நேசித்தார். 1898 மார்ச் 31ந் தேதி ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர். திருமணம் நடக்கவில்லை. பிறகு அந்த டாக்டர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்.

மணமாகாத தாய் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் உத்தியோகமும் போகும், மதிப்பும் போகும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்க விட்டார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தாயானவர், பெற்ற பிள்ளையை மடியில் வைத்து வளர்க்க முடியவில்லை. மரியோவுக்கு ஏறக்குறைய 15 வயதானபோதுதான் இருவரும் ஒன்றாக வாழத் தொடங்கினார்கள். அப்போதும் வெளியுலகத்துக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்.

ஏழைகளின் குடியிருப்பில்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற பகுதியில் கூலி வேலை செய்யும் ஏழைகள் குடியிருந்தார்கள். தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட்டால் சிறு குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். அவர்களைக் கவனிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1907 ஜனவரி 6ந் தேதி அங்கே ஒரு குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பொறுப்பு மரியாவிடம் வந்தது.

சின்ன நாற்காலி, சின்ன மேஜை செய்யச் சொன்னார். குழந்தை தானே தூக்கி வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பல அளவுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் ஒரு கட்டையைக் கொடுத்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அதில் மூழ்கிப்போனாள். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். மரியா எண்ண ஆரம்பித்த பிறகு மட்டும் 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். முடித்ததும் களைப்பே இல்லாமல் சிரித்தாள்.

குழந்தைக்குக் கவனம் நிற்காது என்று பெரியவர்கள் சொல்வது பொய் என்று மரியா அன்று கண்டுகொண்டார். கைக்கு ஏற்ற வேலை கிடைத்தால் மனமும் அங்கேயே நிற்கும்.

பணம் இருந்திருந்தால்...

சில மாதங்கள் சென்றன. அந்த ஏழைத் தாய்மார்கள் மரியாவிடம் வந்து, பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டார்கள். அவர்களில் பலருக்கு எழுத்து வாசனை கிடையாது.

முன்பு குறைபாடுள்ள குழந்தைகளுக்காக மரியா மரத்தில் அழகான எழுத்துக்கள் செய்து வைத்திருந்தார். அதுபோல இன்னொரு செட் வேண்டும். கடை கடையாக விசாரித்தார். செய்து கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. செலவும் அதிகம். இரண்டு மாதம் வீணாயிற்று.

கடைசியில் அவரே கத்தரிக்கோலை எடுத்தார். காகிதத்தில் பெரிய எழுத்துக்களை வெட்டினார். ஓர் ஆசிரியை அவற்றுக்குச் சாயம் பூசினாள். தச்சர்கள் மரம் தேய்க்கும் உப்புத்தாளிலும் எழுத்துக்களை வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டினார். எழுத்து சொரசொரப்பாக இருக்கும். சுற்றிலும் வழவழப்பு. குழந்தை விரலால் தடவும்போது வழி தவறினால் விரலே சொல்லிவிடும்.

காகித எழுத்துக்கள் மலிவு. எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். குழந்தை அவற்றை வரிசையாக வைத்துச் சொற்களை உண்டாக்கலாம். கிழிந்தால் வேறு செய்யலாம். மர எழுத்துக்களைவிட இவையே மேல் என்று மரியா அப்போதுதான் உணர்ந்தார். கையில் பணம் இருந்திருந்தால் இந்த நல்ல வழி தமக்குத் தோன்றியே இராது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஒருநாள் வெயில் நன்றாக அடித்தது. குழந்தைகள் மொட்டை மாடியில் இருந்தார்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. தனக்கு எழுத வரும் என்று கூவியபடி தரையில் ஒரு சொல்லை எழுதினான்.

அவன் எழுதிய முதல் சொல் என்ன தெரியுமா? கை!

அடுத்துப் புகைபோக்கி, கூரை என்றும் எழுதினான். மற்றக் குழந்தைகளும் ஓடிவந்து எழுதத் தொடங்கினார்கள். யாரும் அவர்களை எழுத வற்புறுத்தியதில்லை. விரல் ஏற்கெனவே பழகி இருந்தது.

நம் மணல் எழுத்து

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி, விரலால் அ, ஆ எழுதித்தான் பிள்ளைகள் கற்றார்கள். சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைப் பார்த்து, தம் பள்ளியிலும் கையாண்டார். பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அங்கே அதற்குச் சென்னை முறை என்றே பெயர் வந்தது. விரலில் தொடங்கி மூளைக்குப் போகும் வழியை நம் கிராமத்து வாத்தியார்களும் அறிந்திருந்தார்கள்.

அடையாற்றில் ஓலைக் குடிசைகள்

மாண்டிசோரியின் பெயர் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் தாகூரும் காந்தியும் அவர் முறையில் ஆர்வம் காட்டினார்கள். 1931இல் லண்டனில் காந்தி அவரைச் சந்தித்தார். குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இலேயே இந்த வழியில் பாலர் பள்ளி தொடங்கி, நம் நாட்டுக்கு ஏற்ப அதை மாற்றி நடத்தினார்.

இத்தாலியில் சர்வாதிகாரி முசோலினி முதலில் மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தார். அம்மையாரும் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் பிள்ளைகளைச் சிப்பாய்களாக வளர்க்க நினைத்தவருக்கும் சுதந்திரமாக வளர்க்க நினைத்தவருக்கும் எப்படி ஒத்துப்போகும்? 1934இல் பிளவு ஏற்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் ஸ்பெயினில் இருந்தார். 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து ஹாலந்துக்குப் போனார்.

1939 இறுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். சபைத் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் வரவேற்றார்கள். அடையாற்றில் சுமார் 300 பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஓலைக் குடிசைகள் எழும்பின. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

பிறந்தநாள் பரிசு

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. உடனே மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. 69 வயதில், அந்நிய நாட்டில், மகனை மறுபடியும் பிரிந்தார்.

ஆகஸ்டு 31ந் தேதி அவருக்கு 70 வயது நிறைந்தது. அன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது.

மகன் என்ற சொல் அதில் இருந்தது! 40 ஆண்டுகளுக்கு மேல் மறைத்து வைத்த உறவு அது. ஒரு சர்க்கார் தந்தி, மரியோ அம்மையாரின் பிள்ளை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மையாருக்கு இதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்க முடியும்?

மலையே பள்ளிக்கூடம்

1942இல் தாயும் மகனும் கோடைக்கானலுக்கு வந்தார்கள். இலங்கையைச் சேர்ந்த ஆசிரியை லேனா விக்ரமரத்னே துணைக்கு இருந்தார். அடையாற்றில் மாணவியாக வந்தவர் அவர். அங்கே ஒரு சிறு பள்ளி நடந்தது. ஐரோப்பியப் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். தவழும் பருவம் தாண்டியவர்கள் முதல் 12 வயது வரை உள்ளவர்கள் இருந்தார்கள்.

யுத்த காலம். ஐரோப்பாவிலிருந்து சாமான் வரவழைக்க முடியாது. ஆனால் பழனி மலையில் எதற்குக் குறை? சோலைக்காடு இருக்கிறது. ஓடை இருக்கிறது. பெரணி, பாசி, காட்டுப் பூ, வண்டு, தவளை எல்லாம் இருக்கின்றன. குழந்தைகள் செடிகளைச் சேகரித்தார்கள். இலைகளை வடிவம் வாரியாகப் பிரித்தார்கள். சிறு உயிர்களைத் தொட்டியில் வைத்து வளர்வதைப் பார்த்தார்கள். ஒரு சீட்டில் படம், இன்னொரு சீட்டில் பெயர். இரண்டையும் குழந்தையே சேர்க்க வேண்டும்.

பெரிய பெரிய பெயர்களைக் குழந்தைகளால் நினைவில் வைக்க முடியாது என்று பலர் நினைத்தார்கள். கோடைக்கானல் பிள்ளைகள் செடிகளின் பெயர்களைச் சாதாரணமாகச் சொன்னார்கள்.

அதுவரை அம்மையார் பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகளைப் பற்றியே எழுதி வந்தார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான கல்வி முறை இந்த மலையில்தான் நன்றாக உருவாயிற்று. மண்ணும் நீரும் செடியும் புழுவும் மனிதனும் ஒன்றை ஒன்று சார்ந்து வாழ்கின்றன. தனித்தனிப் பாடமாக இல்லாமல், இந்த உறவைக் கதையாகச் சொல்லிக் குழந்தையின் கற்பனையைத் தூண்ட வேண்டும் என்றார். இதைப் பிரபஞ்சக் கல்வி என்று அழைத்தார். உலகம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தபோது, எல்லாம் ஒரே குடும்பம் என்ற பாடம் கோடைக்கானலில் பிறந்தது.

வீட்டிலேயே செய்யலாம்

அம்மையார் காட்டிய வழியில் தாய்மார்கள் வீட்டிலேயே சில பொருள்களைச் செய்யலாம். பணச் செலவு அதிகம் இல்லை.

எழுத்து அட்டை: ஒரு கரண்டி மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினால் பசை தயார். பழைய அட்டையில் இந்தப் பசையால் அ என்று பட்டையாக எழுதி, சலித்த மணலைத் தூவி, காய்ந்தபின் தட்டிவிடுங்கள். எழுதும் திசையிலேயே குழந்தை இரண்டு விரலால் தடவ வேண்டும். தடவும்போது ஒலியையும் சொல்லிக்கொடுங்கள்.

ஒலிப் பெட்டி: எட்டுக் காலித் தீப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் அரிசி, இரண்டில் கேழ்வரகு, இரண்டில் துவரை, இரண்டில் புளியங்கொட்டை போட்டு நன்றாக ஒட்டிவிடுங்கள். குலுக்கிப் பார்த்து ஒரே ஒலி உள்ள ஜோடியைக் குழந்தை கண்டுபிடிக்கட்டும். சின்னக் குழந்தைகள் கொட்டையை வாயில் போடாதபடி பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

துணி ஜோடி: பட்டு, கதர், சாக்கு, கம்பளி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு வெட்டுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஜோடி சேர்ப்பது நல்ல விளையாட்டு.

மாவுக் களிமண்: இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு. நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோலப் பிசையுங்கள். மஞ்சள் தூள் சேர்த்தால் மஞ்சள் நிறம். பீட்ரூட் சாறு சேர்த்தால் சிவப்பு. மூடி வைத்தால் சில நாள் இருக்கும். உருட்டவும் உருவம் செய்யவும் உதவும். தின்னக் கொடுக்கக்கூடாது.

இலை வரிசை: வேம்பு, அரசு, வெற்றிலை, மா, புளி என்று இலைகளைப் பறித்துப் பழைய புத்தகத்தில் வைத்து அழுத்திக் காய்ந்ததும் அட்டையில் ஒட்டுங்கள். வெளிப்புறக் கோட்டைக் குழந்தை பென்சிலால் வரையட்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பொருள் ஒரு விஷயத்தைத்தான் கற்பிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் குழந்தைக்கே அது தெரிய வேண்டும். தவறு செய்கிறபோது திட்டக்கூடாது. முடிக்கும்வரை குறுக்கே போகக்கூடாது. அழகாகச் செய்து அலமாரியில் பூட்டி வைத்த பொருளால் பயன் இல்லை.

கடைசி நாள் வரை

1944இல் அம்மையார் இலங்கைக்குப் போய் அங்கும் பயிற்சி கொடுத்தார். யுத்தம் முடிந்தபின் 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். ஆனாலும் 1947இல் மறுபடி இந்தியாவுக்கு வந்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாலர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1952 மே 6ந் தேதி ஹாலந்தில் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் மாண்டிசோரி அம்மையார் காலமானார். வயது 81. அப்போது மரியோ பக்கத்தில் இருந்தார். ஒருகாலத்தில் மகன் என்று சொல்லக் கூசிய உலகத்தில், அந்த மகனே 1982இல் தாம் இறக்கும்வரை தாயின் வேலையைத் தொடர்ந்து நடத்தினார். இத்தாலி சர்க்கார் 1990இல் அம்மையாரின் படத்தை ஆயிரம் லீரா நோட்டில் அச்சிட்டது.

வெறும் அறையில் ரொட்டித் துணுக்கைப் பொறுக்கிய பிள்ளைகளிடம் அவர் வாழ்க்கைப் பணி தொடங்கியது. பழனி மலையில் இலை பொறுக்கிய பிள்ளைகளிடம் அது கனிந்தது. இரண்டு இடத்திலும் அவர் பார்த்தது ஒன்றேதான். குழந்தையின் கை எதையோ தேடுகிறது. அதை அதட்டி மடக்கி வைக்காமல், நல்லதாக ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். மற்றதைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும்.